ஒரு பாசிமணி போன வழி

சிதம்பரம் கீழவீதி. மார்கழித் தரிசனத்துக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்தாற்போல் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு நரிக்குறவர் அம்மா. எதிரே தகரத் தட்டு நிறையச் சின்னச் சின்ன மணிகள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. மெல்லிய கம்பியூசியை அந்தக் குவியலுக்குள் விட்டு ஒரு கிளறு கிளறினால் ஐந்தாறு மணி ஏறிக்கொள்கிறது. கட்டைவிரலால் அவற்றை நூலுக்குத் தள்ளுகிறார். ஒரு மணிக்கு விளிம்பு உடைந்திருக்கிறது. இன்னொன்றுக்குத் துளை அடைத்திருக்கிறது. கண் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுபிடித்துவிடுகிறது. நகத்தால் சுண்டி இரண்டையும் தெருவில் எறிந்துவிட்டு நிமிர்கிறார்.

"பாசி பாரு சாமி. எந்தக் கலர் வேணும்?"

செங்கல் நிறத்தைக் காட்டினேன். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. ஒளி ஊடுருவாத, மண்வாசனை அடிக்கும்போல ஒரு மங்கிய சிவப்பு. இதே நிறம், இதே பருமன், இதேபோல் நடுவில் துளையோடு புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். அது அரிக்கமேட்டு மண்ணிலிருந்து வந்தது. வயது ஏறக்குறைய இரண்டாயிரம்.

இந்தக் கட்டுரை அந்த மணியைப் பற்றியது. தங்கமோ முத்தோ இல்லை, வெறும் கண்ணாடி. ஆனால் இந்தக் கரையில் பிறந்த அந்தக் கண்ணாடிமணி எகிப்தின் செங்கடல் துறை வரை போயிருக்கிறது. போன வழியெல்லாம் ஒரு காலத்து மனிதர்கள் எந்தெந்தப் படியில் நின்றார்கள், என்ன தின்றார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதைக் காட்டிக்கொண்டே போயிருக்கிறது. அரசர்களின் கதையைச் சொல்லக் கல்வெட்டு உண்டு. சாதாரணமானவர்களின் கதையைச் சொல்ல இந்த மாதிரிச் சின்னப் பொருள்களை விட்டால் நமக்கு வேறு சாட்சி அதிகம் இல்லை.

மழை விட்டதும் தெரியும் மணி

கடலூர் பழைய நகரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காரைக்காடு வரும். இன்று அந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும். பக்கத்தில் உப்பனாறு. காரைக்காடு, குடிகாடு என்ற இந்த ஊர்ப்பகுதியில் 1960-களில் தொல்லியல் அறிஞர் கே. வி. ராமன் அகழாய்வு செய்தார். உள்ளடியில் வட்டவட்டமாகச் சிறு பற்களைப் பதித்தாற்போல் கோலம் போட்ட மெல்லிய தட்டுகள், மேற்கிலிருந்து மது வந்த இருகைப்பிடிச் சாடியின் ஓடுகள், கூடவே மணிகள். அரிக்கமேட்டில் கிடைத்த அதே கூட்டம். உப்பனாற்றின் கழிமுகத்தில் கடலோடிகள் வந்துபோன ஓர் ஊர் இருந்தது என்பதற்கு அவை அடையாளம்.

அதே சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று தெற்கே போனால், பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரே மணிக்கொல்லை. கொல்லை என்றால் புன்செய் நிலம். மணி கிடக்கும் கொல்லை. அங்கே மண்ணில் மணிகளும் கண்ணாடிக் கழிவும் கிடைத்திருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த ஆய்வாளரும் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் அந்த நிலத்தைப் படித்துப் பெயர் வைத்துவிட்டார்கள்.

வடக்கே, கடலூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1930-களில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் அந்த மேட்டைக் கவனித்ததற்குக் காரணமே சிறுவர்கள்தான். மழை மண்ணை அரித்ததும் மேலே வந்து கிடக்கும் வண்ண மணிகளை அவர்கள் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன; மேட்டின் காலம் தெளிவானது. பிறகு கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று ஆய்வு தொடர்ந்தது. எரித்ரேயக் கடல் பயண நூல் என்ற கிரேக்க மாலுமிக் கையேட்டில் வரும் பொடுகே துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து.

அரிக்கமேடு, காரைக்காடு, மணிக்கொல்லை. மூன்றும் ஒரே கடற்கரையின் மூன்று முடிச்சுகள்.

நெருப்பில் இழுத்த நூல்

ஒரு கண்ணாடிமணி எப்படிப் பிறக்கிறது? இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தொழில்முறையை இன்றும் கையில் வைத்திருக்கிற ஓர் ஊர் ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே இருக்கிறது: பாப்பாநாயுடுபேட்டை. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் 1980-களில் அங்கே போய்ப் பார்த்து, அரிக்கமேட்டு மணிகள் பிறந்த விதத்தை அந்த உலையின் வழியாகத்தான் புரிந்துகொண்டார்.

அடிப்படைப் பொருள் மணலும், உவர்நிலத்தில் பூக்கும் சோடா உப்பும். இரண்டையும் உலையில் நாள்கணக்காகக் காய்ச்சினால் கண்ணாடி. செம்பு சேர்த்து, காற்றுப் புகாமல் உலையை மூடி எரித்தால் செங்கல் நிறம்; அதே செம்பு காற்றோட்டத்தில் எரிந்தால் பச்சை, நீலம். எவ்வளவு செம்பு, எவ்வளவு காற்று என்பதை உலைக்காரர் தீயின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பிறகுதான் உயிர்போகும் வேலை. தேன்பாகு போல் இளகிய பெரிய கண்ணாடிக் குழம்பை, லடா எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டுவார்கள். நடுவில் ஒரு கம்பி குத்தித் துளையிடுவார்கள். அந்தக் கூம்பை உலைக்குள் வைத்து, உலையின் மறுபக்கத் துவாரத்தின் வழியாக ஒருவர் கொக்கி போட்டு இழுப்பார். கண்ணாடி நூலாக வரும். நடுவில் துளையோடு வரும். கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் நூல் தடித்துவிடும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். ஒரு கூம்பு தீர மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் முகத்துக்கு நேரே உலை.

இழுத்த குழல்களை ஒரு முழ நீளத்துக்கு ஒடித்து, கூரிய இரும்பு விளிம்பில் வைத்துத் தட்டித்தட்டிச் சின்னத் துண்டுகளாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டின் ஓரம் கத்திபோல இருக்கும். அதைச் சாம்பலோடு பிசைந்து, துளைக்குள் சாம்பல் அடையும்படி செய்து, மறுபடியும் சட்டியிலிட்டுக் கிளறிச் சூடுகாட்டினால் ஓரங்கள் உருண்டுவிடும். சாம்பலைச் சலித்துவிட்டால் மணி. கடைசியில் பெண்களின் கை: பொறுக்குதல், பிரித்தல், கோத்தல்.

இழுக்கிறவர், நறுக்குகிறவர், வறுக்கிறவர், கோக்கிறவர் என்று ஒரு மணிக்குப் பின்னால் ஊர் நிறைய ஆட்கள். ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. அரிக்கமேட்டிலும் காரைக்காட்டிலும் அவர்கள் விட்டுப்போனது உருகிய கண்ணாடிக் கட்டி, ஒடிந்த குழல், ஒட்டிப்போன இரட்டை மணி, துளை அடைத்த மணி. நல்ல மணிகள் விற்றுப் போய்விட்டன. ஓர் ஊரில் மணி செய்தார்களா, வெறுமனே அணிந்தார்களா என்பதை ஆய்வாளர்கள் இந்தக் கழிவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

அன்றைய தமிழகத்தில் மணியிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், முனைவர் கா. ராஜன் அகழ்ந்த ஒரு பெருங்கற்கால ஈமக்குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் கல்லிலிருந்து உடைத்து, தேய்த்து, துளையிடுவதற்கு எத்தனை நாள் உழைப்பு! அத்தனையும் ஒரு மனிதரோடு மண்ணுக்குள் போயிருக்கிறது. அந்த மனிதர் யாராக இருந்தாலும் அவருக்காக உழைக்கப் பலர் இருந்தார்கள். நீலப்பச்சைப் பெரில், செவ்வந்திக்கல், படிகம் எல்லாம் அந்த வரிசை. கண்ணாடிமணி அப்படியல்ல. ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் பிறப்பது. உப்பு விற்கிறவர் வீட்டுப் பிள்ளை கழுத்திலும் ஒரு சரம் தொங்க முடிந்ததென்றால் அது இந்த மணியால்தான். கண்ணாடி உலை நகையை நாலு பேருக்குப் பொதுவாக்கியது.

ஆடிக்காற்றும் தைக்காற்றும்

மேற்குத் திசைக்குப் போகும் நம் செங்கல் நிற மணியைப் பின்தொடர்வோம். அந்தக் கிரேக்கக் கையேடு சொல்கிறபடி, இந்தக் கரையில் ஓடிய உள்ளூர்க் கலங்களில் இவையும் உண்டு: மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா, கங்கைக்கும் பொன்நாட்டுக்கும் போகும் பெருங்கலமான கொலாந்தியா. கரையோரமாகக் குமரி சுற்றிச் சேரநாட்டு முசிறிக்குப் போனால் அங்கே எகிப்திலிருந்து வந்த கப்பல்கள் நிற்கும். முசிறியின் மிளகுதான் அவர்களுக்கு முதல் தேவை. மிளகு மூட்டைகளுக்கு நடுவே முத்து, தந்தம், கல்மணி, கண்ணாடிமணி.

அந்தக் கப்பல்கள் ஆடி மாதத்தையொட்டி எகிப்திலிருந்து புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்து, மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று பிடித்தபின் திரும்பும். நம் கடலூர்த் துறைமுகத்து மீனவர்கள் இன்றும் வாடைக்கும் கச்சானுக்கும் ஏற்பப் பிழைப்பை அமைத்துக்கொள்வதுபோல, அன்றைய உலக வாணிகம் முழுவதுமே இரண்டு காற்றுகளின் தயவில் நடந்தது. செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் எழுதியிருக்கிறார்.

மணி போய் இறங்கிய துறைகளில் ஒன்று பெரெனிகே. கிரேக்க வம்சத்து எகிப்திய அரசர் இரண்டாம் தாலமி கி.மு. 3-ம் நூற்றாண்டில் தன் தாயின் பெயரில் கட்டியது. பின்னால் பாலைவனம், முன்னால் கடல். நல்ல தண்ணீர் கிடையாது, குடிநீர் தூரத்துக் கிணறுகளிலிருந்து வரவேண்டும். 1994 முதல் அங்கே நடந்துவரும் அகழாய்வில் தேக்கு மரம், தேங்காய் ஓடு, அரிசி, பயறு, நம் நாட்டுப் பெருஞ்சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு என்று ஒரு மளிகைக்கடையே வெளிவந்தது. ஓர் ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு பெயர்: கொற்றபூமான். அங்கே பிற்காலத்தில், 4, 5-ம் நூற்றாண்டு அடுக்குகளில் கிடைத்த மணிகளில் கணிசமான பங்கு தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடிமணிகள்.

வடக்கே மியோஸ் ஹோர்மோஸில், இன்றைய குசைர் அல்-கதீமில், கணன், சாதன் என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பின்னர் இன்னோர் ஓடு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் தொங்கவிடும் பானை. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் மோரையும் சோற்றையும் கயிற்று வலையில் தொங்கவிடும் நம் வீட்டு உறிதான். தென்னாட்டிலிருந்து போன யாரோ ஒருவர் செங்கடல் கரையில் உறி கட்டி, அதன் பானையில் பெயரும் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த ஓட்டை ஒரு செப்பேட்டுக்குச் சமமாக மதிப்பேன். செப்பேட்டில் அரசனின் வெற்றி இருக்கும். இதில் ஒருவரின் அன்றாடச் சாப்பாடு இருக்கிறது.

கல்லில் எழுதிய படிநிலை

துறையில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறும். பெரெனிகேயிலிருந்து நைல் நதிக்கரை ஊரான கோப்டோஸுக்கு 12 நாள் பயணம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடை. இடையிடையே கிணறு தோண்டிய காவல் நிலையங்கள். கோப்டோஸில் படகேற்றினால் நைல் வழியாக அலெக்சாந்திரியா. கிழக்கிலிருந்து வரும் சரக்குக்கு நாலில் ஒரு பங்கு வரி.

அந்தப் பாலைச் சாலையில் போகும் மனிதருக்கும் வரி உண்டு. கி.பி. 90-ல், எகிப்தை அப்போது ஆண்ட ரோமானிய அதிகாரிகள் கோப்டோஸில் ஒரு கல்லை நட்டு அந்தக் கட்டணங்களைப் பொறித்தார்கள். கல் கிடைத்திருக்கிறது. மாலுமிக்கு 5 திராக்மா. கைவினைஞருக்கு 8. படைவீரர்களின் பெண்டிருக்கு 20. விலைமகளிருக்கு 108. ஒட்டகத்தின் அனுமதிச் சீட்டுக்கு 1 ஒபோல்; ஆறு ஒபோல் ஒரு திராக்மா. பாலைக்கு எடுத்துப்போய்த் திரும்பும் சவ ஊர்வலத்துக்கு 1 திராக்மா 4 ஒபோல்.

ஒரு சமுதாயம் தன் மக்களை எப்படி அடுக்கி வைத்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லாது. அந்தக் கட்டணத்தை யார் கட்டினார்கள், யாருடைய சம்பாத்தியத்தில் அது கழிந்தது என்று யோசித்தால் 108 என்ற எண் நெஞ்சில் கனக்கிறது. எகிப்தில் அந்த நாளில் ரோமக் குடியுரிமை பெற்றவர் தலைவரி கட்டவேண்டாம். அலெக்சாந்திரியக் கிரேக்கரும் கட்டவேண்டாம். நிலத்தை உழுத சாதாரண எகிப்தியர் முழுவரியும் கட்டவேண்டும். யார் அதிகம் உழைத்தாரோ அவரே அதிகம் கட்டினார்.

இந்த அடுக்கு ரோமர் கொண்டுவந்தது மட்டுமல்ல. எகிப்தில் அது மிகப் பழையது. மேலே அரசர். அடுத்து அமைச்சர், பூசாரிகள். எழுதப் படிக்கத் தெரிந்த எழுத்தர்கள் அதற்கடுத்த படி. களஞ்சியமும் கணக்கும் அவர்கள் கையில். அதற்கும் கீழே படைவீரர், கைவினைஞர். எல்லோரையும் தாங்கி அடியில் உழவர். ரொட்டியும் பார்லி மதுவும் வெங்காயமும் அவர்கள் உணவு. வெயிலில் காய்ந்த மண்கல் வீடு. நைல் பெருகும் மாதங்களில் அரசரின் வேலைக்கு ஆளெடுப்பு.

அங்கேயும் மணி யாருடைய கழுத்தில் எது என்று சொன்னது. ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த லாபிஸ் நீலக்கல்லும் பொன்னும் அரண்மனைக்கு. படிகப் பொடியைக் குழைத்துச் சுட்டு மேலே நீலப் பளபளப்பு ஏற்றிய ஃபையான்ஸ் மணி சாதாரண மக்களுக்கு. உழவர் பெண்ணும் அரசியின் நீலத்தைக் கொஞ்சமாவது அணிந்துகொள்ள அந்த மணி உதவியது. நம் கரையில் கண்ணாடிமணி செய்த வேலையை அங்கே ஃபையான்ஸ் பல நூற்றாண்டு முன்பே செய்துகொண்டிருந்தது.

அந்த மணிகளைச் செய்தவர்களும் நம் கண்முன் வருகிறார்கள். தீப்ஸ் நகரத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் மணிக்குத் துளையிடுகிறவர்களின் ஓவியம் இருக்கிறது. வில்லின் நாணை முன்னும் பின்னும் இழுத்து, ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று துரப்பணத்தைச் சுழற்றுகிறார். ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய எகிப்திய நூல் ஒன்றில், கேட்டி என்ற தந்தை தன் மகனை எழுத்தர் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது ஊரிலுள்ள ஒவ்வொரு தொழிலாகச் சொல்லி, அதில் படும் பாட்டை விவரிக்கிறார். கல்மணி செய்கிறவரும் அதில் வருகிறார்: கை ஓய்ந்து, முதுகும் முழங்காலும் மடங்கிப்போய்ப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பவராக. படித்தால் இந்தக் கஷ்டம் வேண்டாம் என்பது தந்தையின் வாதம்.

எனக்கு அந்த வாதம் நன்றாகத் தெரியும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கைத்தொழில் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த எத்தனையோ வீடுகளில் கேட்ட பேச்சுதான். "எங்க கஷ்டம் எங்களோட போகட்டும், நீயாவது உட்கார்ந்து எழுதுற வேலைக்குப் போ." நைல் கரையின் தகப்பனும் வெள்ளாற்றங்கரையின் தகப்பனும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையில் பிள்ளைமேல் அன்பு இருக்கிறது. செய்யும் தொழிலுக்கு மரியாதை தராத ஊரின்மேல் வருத்தமும் இருக்கிறது.

மரியாதை கிடைக்காதவர்கள் எப்போதும் சும்மா இருந்துவிடவில்லை. அரசர் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் வாழ்ந்த ஊர் தேர் எல்-மெதீனா. கூலி தானியமாக வரும்: ரொட்டிக்குக் கோதுமை, மதுவுக்குப் பார்லி. மூன்றாம் ராம்சேஸின் 29-ம் ஆட்சியாண்டில், கி.மு. 12-ம் நூற்றாண்டில், தானியம் வராமல் நாள் தள்ளிப்போயிற்று. கருவிகளை வைத்துவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வெளியே வந்து கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். பசிக்கிறது என்றார்கள். எழுத்தர் ஒருவர் குறித்துவைத்த அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்று சொல்வதுண்டு. அரசருக்கு நிரந்தர வீடு கட்டியவர்கள் அன்றைய சோற்றுக்காக உட்கார்ந்தார்கள்.

மணி நின்ற இடம்

நம் மணி எங்கே போய் நின்றது? சில பெரெனிகேயின் குப்பைமேட்டிலேயே சரம் அறுந்து சிதறிப்போயின. சில இன்னும் தெற்கே, நைலின் மேற்பகுதியான நூபியாவுக்குப் போயின. அங்குள்ள கல்லறைகளில் இறந்தவர்களின் எலும்புகளோடு தெற்காசியக் கண்ணாடிமணிகள் கிடைத்திருக்கின்றன. மணலையும் உவர்மண் உப்பையும் காய்ச்சி யாரோ இழுத்த நூல், முகம் தெரியாத ஒருவரின் கடைசி அலங்காரமாக ஆகியிருக்கிறது.

கிழக்கே போன மணிகளின் வழி இன்னும் நீளம். தாய்லாந்தின் க்லோங் தோம் பகுதியில் குவான் லுக்பட் என்று ஓர் இடம். பொருள்: மணிமேடு. நம் மணிக்கொல்லைக்குக் கடல் தாண்டிப் பிறந்த தங்கை. அங்கே கிடைத்த ஒரு சிறு உரைகல்லில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் பெரும் பத்தனின் கல். பத்தன் என்றால் பொற்கொல்லர். இத்தனை நீண்ட கதையில் ஒரு கைவினைஞர் தன் கருவியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல். இந்தோனேசியத் தீவுகளில் செங்கல் நிற மணிகளை முட்டிசாலா என்று அழைத்துப் பரம்பரைச் சொத்தாகக் காத்து, பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுக்கிறார்கள். பிறந்த ஊரில் பாசிமணி என்று பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும் நிறம், அங்கே ஒரு குடும்பத்தின் மானம்.

மீண்டும் கீழவீதி. கோயிலுக்குள் ஒவ்வொரு காலபூசையிலும் படிகலிங்கத்துக்கு அபிடேகம் நடக்கிறது. வெளியே நடைபாதையில் கண்ணாடிமணி கோக்கப்படுகிறது. படிகம் உள்ளே, கண்ணாடி வெளியே. கொடுமணல் ஈமக்குழியிலும் தீப்ஸ் சுவரிலும் பார்த்த படிநிலை இன்றும் மதிலுக்கு உள்ளும் புறமுமாக நிற்பது கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

இந்த அம்மாவின் முன்னோர் அரிக்கமேட்டில் மணி செய்தவர்கள் அல்லர். வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்கள் வடமேற்கு இந்தியாவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள். வேட்டை போனபின் ஊசியும் பாசியும் பிழைப்பானது. ஆனால் மணியின் கடைசிக் கையாக, அதைத் தெருவுக்குக் கொண்டுவரும் கையாக இன்று இங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று மத்திய அரசின் லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்தது. சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்த சமூகத்தின் பிள்ளைகள் இப்போதுதான் கல்லூரிப் படியேறத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் படி அவர்களுக்குச் சுலபமாகவேண்டும். மணி இத்தனை கடல் தாண்டியது. மணியைக் கோத்தவர்களுக்கு ஒரு தெருவைத் தாண்ட இத்தனை காலம் ஆகியிருக்கக் கூடாது.

செங்கல் நிறச் சரத்தை முடிச்சுப்போட்டுக் கொடுத்தார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது அவர் சுண்டி எறிந்த இரண்டு மணிகள் காலடியில் கிடந்தன: விளிம்பு உடைந்தது ஒன்று, துளை அடைத்தது ஒன்று. குனிந்து எடுத்தேன்.

"அது வீணாப்போனது சாமி," என்றார் அந்த அம்மா, "நல்லதா நாலு தரேன், வச்சுக்க."

கையளவு நல்ல மணியை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். அவற்றோடு அந்த இரண்டையும் சேர்த்தே முடிந்துகொண்டேன். நல்லது போகிற இடத்துக்குப் போய்விடும். இங்கே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தார் என்று இந்த மண் சொல்லவேண்டுமானால், அதற்கு அந்த இரண்டும் வேண்டும்.